வழி மறித்த கோணி

ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய அரிசி மண்டி இருந்தது. கப்பலில் வரும் அயல் அரிசிக்கும் அங்கே இடமுண்டு. உள்ளூர் மூட்டைகளில் அது பங்கு சேரலாம். பாதிக்கு மேல் கூடாது. முன்பு அயல் அரிசியையே முழுக்க நம்பிய மூட்டைகள், அது கப்பலேறித் திரும்பிப் போன அன்று வெறுங்கோணியாகச் சரிந்தன. அடுக்கே விழுந்தது. அதன் பிறகு வந்த சட்டம் இது.

சட்டத்தைக் காக்கும் வேலை குத்தூசிக்கு. மூட்டையில் குத்தி, ஒரு பிடி அரிசியை எடுத்துக் காட்டும் ஒல்லியான இரும்பு. குத்திய இடத்தைத் தேய்த்துவிட்டால் இழைகள் கூடி ஓட்டை மூடிக்கொள்ளும். அதையும் மறக்காமல் செய்துவிட்டுத்தான் போகும். யாரிடமும் ஒரு மணி அரிசிகூடத் தனக்கென்று வாங்கியதில்லை.

ஒரு நாள் அது அடுக்கின் உச்சியில் இருந்த பெருங்கோணியிடம் வந்தது.

"ஐயா, கொஞ்சம் திரும்புங்கள். பார்த்துவிட்டுப் போகிறேன்."

"என் மார்பில் இருக்கிற முத்திரை தெரியவில்லையா உனக்கு?"

"தெரிகிறது ஐயா. அது வெளியே இருக்கிறது. நான் பார்க்க வேண்டியது உள்ளே."

கோணியின் வாயைத் தைத்திருந்த சணல் சிரித்தது. "அண்ணாச்சி, கொசுகூட உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் கடிக்கும். இவன் குத்த வந்துவிட்டானே!"

"நாளைக்கு வா" என்றது கோணி. மறுநாள் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உடம்பு சரியில்லை என்றது. பெரிய இடத்து வாசலில் காத்து நின்றவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாளும் குத்தூசி வந்தது. "தடுப்பவர் முத்திரையை இழப்பார் என்பது சட்டம். தடுக்காதீர்கள் ஐயா."

"விடுங்களேன், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்றது உள்ளிருந்த அயல் அரிசி.

"நீ சும்மா இரு! இந்த இரும்புத்துண்டுக்கு நான் வயிற்றைக் காட்டுவதா?"

குத்தூசி உள்ளே இறங்கியதும் கோணி உடம்பை முறுக்கிப் புரண்டது. குத்தூசியின் முனை வளைந்துவிட்டது. அப்படியும் அது ஒரு பிடி அரிசியை எடுக்காமல் வெளியே வரவில்லை.

விஷயம் மண்டியில் தீர்ப்புச் சொல்லும் தராசிடம் போனது. தராசு மூட்டையைப் பிரித்து நிறுத்தது. பத்துப் பங்கில் நாலு பங்குதான் அயல் அரிசி.

"பார்த்தாயா! நான் சுத்தம்! என் முத்திரையைத் தொடாதே!" என்று கோணி கத்தியது.

"உள்ளே இருந்ததற்குத் தண்டனை இல்லை" என்றது தராசு. "அந்த அரிசி வேறொரு கோணியில் கௌரவமாக உட்காரும். நீ பார்க்க வந்தவரை மறித்தாய், முனையை வளைத்தாய். தண்டனை அதற்கு."

முத்திரையை வெட்டி எடுத்தார்கள். வெறுங்கோணியை மண்டி வாசலில் கால்மிதியாகப் போட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் மிதிக்கிறார்கள். பழைய சணல்கூட இப்போது வேறு மூட்டையைத் தைத்துக்கொண்டு அந்தக் கால்மிதியின்மேல் உருண்டு போகிறது.

கொல்லன் நிமிர்த்திக் கொடுத்த முனையோடு குத்தூசி தினமும் காலையில் வேலைக்கு வருகிறது. அது மட்டும் கோணியை மிதிப்பதில்லை. "ஐயா, கொஞ்சம் வழி" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போகிறது.

கோணிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.