நாற்பத்தொரு படங்கள்

ஆனி மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு மணிக்குப் பத்து நிமிடம். அம்பாசமுத்திரத்தில் மழை என்று சொல்லத்தக்க மழை இல்லை. மலையிலிருந்து இறங்கிய சாரல், தெருவிளக்கின் கீழ் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

பிரமநாயகம் தம் புதிய கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஞானமுத்து ஸ்டூடியோவின் வாசலில் நின்றார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்த அவருடைய புகைப்பட ஆசிரியை எஸ்தருக்கு வயது நாற்பது. வயதைப் பார்த்தால் பாடம் நடக்காது என்பதை முதல் நாளே இருவரும் ஒப்புக்கொண்டிருந்தனர்.

மூன்று மாதங்களுக்கு முன், கேமரா வாங்கிய மறுநாளே அவர் இங்கே வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், ஒருதடவை போன படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"அதுக்கு இப்போ பதில் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை தோறும் வாங்க."

வந்தார். படித்துறை, சந்தை, பேருந்து நிலையம் என்று ஞாயிறுதோறும் கூட்டிப் போனார் எஸ்தர். கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான். ஆனால் ஒன்றை மட்டும் ஒவ்வொரு வாரமும் சொன்னார்.

"வாசப்படி இறங்கும் முன்னால கேமராவோட கதவைத் திறங்க. மெமரி கார்டு இருக்கான்னு கண்ணால பாருங்க. பொறவு மூடுங்க."

பிரமநாயகம் ஒவ்வொரு வாரமும் தலையாட்டினார்.

இன்றைய பயணம் அவரே கேட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மணமான நான்காம் மாதத்தில், மனைவி சங்கரவடிவை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு கடையம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வழியாகப் புளியரை வரை போனார். மைத்துனரிடம் இரவல் வாங்கிய கேமரா கழுத்தில் தொங்கியது. வழி நெடுகப் படம் எடுத்தார். அந்தச் சுருளைக் கழுவ ஞானமுத்துவிடம்தான் கொடுத்தார். ஞானமுத்து எஸ்தரின் தந்தை.

இரண்டு நாள் கழித்துப் போனபோது, ஞானமுத்து அவரைத் தனியே உள்ளே அழைத்தார். விளக்குக்கு நேராகப் பிலிமைத் தூக்கிக் காட்டினார். முதலிலிருந்து கடைசி வரை ஓர் உருவமும் இல்லை.

"தம்பி, பிலிமோட நாக்கு சக்கரத்துல மாட்டல. நீங்க சுத்தச் சுத்தக் கேமரா வெறுமனே சுத்திருக்கு. சுத்தையில இடப்பக்கக் குமிழும் கூடவே சுழலுதான்னு பாத்தியளா?"

பார்த்திருந்தார். குமிழ் சுழலவில்லை. கடையம் தாண்டும்போதே அதைக் கவனித்து, அதன் இயல்பே அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டார்.

புது மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது? மாலையில் வீட்டுக்குப் போய், "கழுவும்போது கடைக்காரர் கெடுத்துட்டாரு" என்றார். சின்னப் பொய். அன்றோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தார்.

சங்கரவடிவு, கீரைக்காரி கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். பிறர் செய்த பிழையையும் அதே கண்டிப்போடு கேட்பவள். மறுநாள் காலை அவளே கடைக்குப் போனாள். நாலு பேர் நிற்கையில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். கழுவும் கூலி பதினெட்டு ரூபாயைக் கொடுக்க முடியாது என்றாள். ஞானமுத்து கைகூப்பி, "தப்புத்தாம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

அதன்பின் பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டுமென்றாலும் அவள் தென்காசிக்கு பஸ் ஏறினாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஞானமுத்து இறந்தபோது துட்டி கேட்கவும் போகவில்லை. பிரமநாயகத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அது பயமாயிற்று. பிறகு, இத்தனை வருடம் கழித்து எப்படிச் சொல்வது என்றாயிற்று.

"கொடுங்க, ஒரு நிமிசம்" என்று எஸ்தர் கேமராவை வாங்கி உள்ளே கொண்டுபோனார். திரும்ப வந்தபோது அதன் பின்புறத் திரைமேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு முப்பத்தாறே படம். எடுத்ததைப் பாக்கக் கூடாது. பழைய காலம் மாதிரி. திறந்து பாத்துட்டியளா?"

"பாத்தாச்சு டீச்சர்."

நேற்று இரவு பார்த்ததைச் சொன்னார்.

ஸ்டூடியோப் படியை மிதிக்காமல் தெருவிலேயே நின்றிருந்த சங்கரவடிவு காரின் முன்னிருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். ஓட்டப்போவது எஸ்தர். வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, இந்தத் தடவையாவது படம் வரும்லா?"

"அது அண்ணாச்சி கையில இருக்கும்மா."

"இவரு கைக்கு என்ன குறைச்சல்? அன்னைக்கும் நல்லாத்தான் எடுத்தாரு." வடிவு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். "உங்களுக்குத் தெரியாது. முப்பத்தாறு படம் எடுக்கிற ரோல்ல இவரு நாப்பத்தொண்ணு எடுத்தாரு. நான் ஒண்ணொண்ணா எண்ணுனேன். அம்புட்டு கெட்டிக்காரரு. எடுத்து என்ன? எல்லாம் போச்சு."

பின்னிருக்கையில் இருந்த பிரமநாயகத்துக்குக் கணக்கு தெரியும். பிலிம் ஓடியிருந்தால் முப்பத்தாறு முடிந்து ஒன்றிரண்டில் இழுத்து நின்றிருக்கும். நாற்பத்தொன்று வராது. இது வடிவுக்குத் தெரியாது. ஸ்டூடியோவில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

எஸ்தரின் கண்கள் பின்புறம் காட்டும் கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்தன. பிறகு சாலைக்குத் திரும்பின.

"நாப்பத்தொண்ணாம்மா?" என்றார் எஸ்தர்.

"ஆமா. சந்தேகமா?"

"இல்லம்மா. சந்தேகமே இல்ல."

கடையம் தாண்டி வரும் பாலத்தில் இறங்கினார்கள். அன்று இந்தக் கைப்பிடிச் சுவரில்தான் வடிவு உட்கார்ந்தாள். வெங்காயத் தோல் நிறத்தில் சேலை. கீழே ஒருவர் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இப்போது எருமைகள் இல்லை, நீர் இருந்தது. பிரமநாயகம் கேமராவைக் கண்ணில் வைத்தார். காட்சியின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒரு குறி மின்னியது. புதிய கேமராவில் இப்படி ஆயிரம் குறிகள். அவர் பொத்தானை அழுத்தினார். நல்ல சத்தம் கேட்டது.

"ஒண்ணு" என்றாள் வடிவு.

தென்காசியில் கோபுரத்துக்கு முன்னால் காற்று அவளைத் தள்ளியது. அன்றும் தள்ளியது, அன்று சிரித்தாள். இன்று, "எடுக்கிறதை எடுங்க, முந்தானை நிக்க மாட்டேங்குது" என்றாள். குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினார்கள். அவள் பழத்தை இரண்டாகப் பிளந்து உள்ளங்கையில் ஏந்தி நின்றாள். அதே படம்.

"அன்னைக்கு நான் பழத்தை உங்க வாயில வச்சதையும் எடுத்தீங்க. ஒரு கையால. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதுதான் போச்சேன்னு எனக்கு ரொம்ப நாள் ஆத்தாமையா இருந்துச்சு."

செங்கோட்டைக்கு அப்பால், அன்று மீட்டர்கேஜ் ரயில் இரைத்து இரைத்து ஏறிய இடத்தில் நின்றார்கள். வடிவு அன்று கையசைத்தாள்; ரயிலில் யாரோ ஒருவர் துண்டை வீசிக் காட்டினார். இன்று ரயில் வரும் நேரமில்லை. இருந்தாலும் அவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வெறும் தண்டவாளத்தைப் பார்த்துச் சற்றே கையசைத்தாள். பிரமநாயகம் அதை எடுத்தார். சிவப்புக் குறி மின்னிக்கொண்டே இருந்தது.

புளியரையில் வயல்களைப் பார்த்திருந்த ஒரு தேநீர்க் கடை. மாலை நான்கரை மணி. பெஞ்சில் கண்ணாடித் தம்ளரோடு உட்கார்ந்த வடிவை எடுத்தார்.

"முப்பத்தாறு. போதும், காட்டுங்க" என்றாள் அவள்.

அவர் நகத்தால் டேப்பை உரித்தார். திரை ஒளிர்ந்தது. கார்டு இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

சட்டைப்பையைத் தடவினார். கேமராவின் கதவைத் திறந்தார். வெற்றிடம்.

எஸ்தர் தம் கைப்பையிலிருந்து விரல்நக அளவுள்ள கார்டை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"காலையில டேப் ஒட்டும்போது நான்தான் எடுத்தேன்."

வடிவு எழுந்துவிட்டாள்.

"அன்னைக்கு அப்பா, இன்னைக்கு மகளா? இதுக்குத்தான் காலையிலேருந்து கூடவே வந்தீங்களா? எங்க ரெண்டு பேரு மேல உங்க குடும்பத்துக்கு அப்படி என்ன வர்மம்?"

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. எஸ்தர் தம்ளரை ஊதிக் குடித்தார். பிரமநாயகத்தின் பக்கம் திரும்பவும் இல்லை.

பிரமநாயகத்துக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா இருந்தால் போதும். கெடுத்தது ஸ்டூடியோக்காரர்கள்தான். இம்முறை அது உண்மை. அவர்களே ஒப்புக்கொண்ட உண்மை.

"வடிவு, உக்காரு."

"எதுக்கு உக்காரணும்?"

"திறந்து பாக்க வேண்டியவன் நான். பாக்கல. பாத்தாச்சுன்னு சொன்னேன்."

"அதுக்காக? இவங்க எடுத்தது நியாயமா?"

"படம் எடுக்கையில ஓரத்துல செவப்பா மின்னிக்கிட்டே இருந்துச்சு. அதையும் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் முப்பத்தாறும் எடுத்தேன்." அவர் கேமராவைப் பெஞ்சின்மேல் வைத்தார். "அன்னைக்கும் இப்படித்தான்."

"என்னைக்கு?"

"ஸ்கூட்டர்ல வந்த அன்னைக்கு. பிலிம் சக்கரத்துல மாட்டவே இல்ல. குமிழ் சுத்தலங்கிறதை நான் பாத்தேன். ஞானமுத்து அண்ணாச்சி எதையும் கெடுக்கல. கெட்டது என் கையால. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. அவரு மேல போட்டுட்டேன்."

வடிவு நின்றபடியே இருந்தாள்.

"நாப்பத்தொண்ணு எடுத்தீங்களே?"

"பிலிம் ஓடிருந்தா நாப்பத்தொண்ணு வராது வடிவு."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். முப்பத்தைந்து ஆண்டுகள், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், ஒவ்வொரு புகைப்படக்காரரிடமும் அவள் பெருமையோடு சொல்லி வந்த எண் அது. தம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். பேசியபோது கணவரிடம் பேசவில்லை.

"உங்க அப்பாவை நான் என்னென்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. எனக்கு அஞ்சு வயசு. மேசைக்கு அடியில ஒக்காந்து பிலிம் டப்பா அடுக்கிக்கிட்டு இருந்தேன்."

"நாலு பேரு நின்னாங்க."

"அஞ்சு பேரும்மா."

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வயலில் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வேறு வரப்புக்குப் போய் உட்கார்ந்தன. பிரமநாயகம் கார்டை எடுத்துக் கேமராவில் பொருத்தினார். கதவை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். மூடினார்.

"அவரு ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல?" என்று கேட்டாள் வடிவு. "பிலிமைத் தூக்கிக் காட்டிருந்தா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேனே."

"நானும் அன்னைக்குச் சாயங்காலம் கேட்டேன். கடை அடைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"என்ன சொன்னாரு?"

எஸ்தர் வெறும் தம்ளரைப் பெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"'அவங்க கல்யாணத்துக்கு வயசு நாலு மாசம். நம்ம கடைக்குப் பதினாறு வருசம். எது தாங்கும்னு பாத்தேன்'னு சொன்னாங்க."

தேநீர் மூன்றுக்கும் அன்று எஸ்தரே காசு கொடுத்தார். ஆடி முதல் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்குச் சங்கரவடிவு தனியாக ஞானமுத்து ஸ்டூடியோவின் படியேறி, கழுவும் கூலி பதினெட்டு ரூபாயை மேசைமேல் வைத்தாள். எஸ்தர் அதை எண்ணி வாங்கிக்கொண்டார். கார்டு போட்ட பிறகு புளியரையில் வெளிச்சம் போகுமுன் எடுத்த ஒரே படத்துக்கு, ஒரு பிரதி முப்பது ரூபாய் வீதம் இரண்டு பிரதிகளுக்கு, மறுநாள் மாலை பிரமநாயகம் வந்து பணம் கொடுத்தார்.