சிவபாதத்துக்குக் கீழே ஒரு பெயர்

போனவனைப் பற்றிக் கதைக்கும்போது அவன் போன நாளைச் சொல்லாதே என்று பெரியப்பா சொல்லுவார். அல்லது, நாளைச் சொல்லாமல் கதைக்காதே என்றாரோ. சிவபாதத்துக்குச் சரியாக நினைவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. லண்டனில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டிருந்தாள். விசா நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதால், சைக்கிள் கடைக்கு மேலே நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தார். அங்கே படிப்பிக்கும் சுபோதினி ரீச்சருக்கு அவருடைய மகளின் வயது.

ரீச்சர் கரும்பலகையில் காலத்தை மட்டும் எழுதுவார். நேற்று. தினமும். போன வருடத்திலிருந்து. அதற்குப் பொருந்தும் வினையை மாணவர்கள் கொண்டுவர வேண்டும். சிவபாதம் பிழை விடுவதில்லை.

எப்போதும் இருவர் உட்காரும் மர வாங்கின் ஓரத்தில்தான் இருப்பார். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க இடம் கிடக்கும்.

"ஆருக்கையா சீட் பிடிச்சு வைக்கிறியள், பஸ் எண்ட நினைப்போ?" என்றாள் துஷாந்தி, கூடப் படிப்பவள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் சிவபாதம் ரீச்சரிடம் கேட்டார்.

"பதினேழு வருசத்துக்கு முன்னம் மகன் கஜரூபன் கடைக்குப் பாண் வாங்கப் போனவன், ரீச்சர். வரேல்லை. படிவத்திலை செத்துப்போனான் எண்டு எழுதச் சொல்லுறான் ஏஜென்ட். இல்லாட்டி விசா இழுபடுமாம். நான் எந்தக் காலத்திலை எழுத?"

ரீச்சர் வரவு இடாப்பை விரித்து, சிவபாதத்தின் பெயருக்குக் கீழே கஜரூபன் என்று எழுதினார்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெயரையும் கூப்பிட்டார்.

பிந்தி வருபவர்களுக்குக் காத்திருக்கும் அளவு காத்திருந்தார். வரவுக் கட்டத்தில் ஒன்றும் போடாமல் அடுத்த பெயருக்குப் போனார்.

மூன்று வாரம் இப்படியே போனது.

நாலாவது வாரம் துஷாந்தி பிந்தி வந்தாள். மற்ற வாங்குகள் நிறைந்திருந்தன. சிவபாதத்தின் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகப் போய் நின்றாள்.

"இதிலை இரும் பிள்ளை," என்றார் சிவபாதம்.

"பரவாயில்லை ஐயா. அதிலை ஆள் இருக்கெல்லே."

அவள் சிரிக்கவில்லை.

ரீச்சர் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். கஜரூபன் என்றதும் நிறுத்தினார். பேனை கட்டத்தின் மேல் நின்றது.

சிவபாதம் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, இன்னும் இடம் விட்டார்.

மறுநாள் காலை மகளுக்குப் போன் எடுத்து, தான் லண்டனுக்கு வரவில்லை என்று சொன்னார்.