நெயில் பாலிஷ் அம்பு

சௌந்தரபாண்டியன் அன்று காலையும் அதே கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், நான் எப்பத்தான் முன்னால போறது?"

அமலி சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். "எப்பவும் நீங்கதானே சார் முன்னால போறீங்க?"

"அதச் சொல்லல. ஆளுகளக் கூட்டிக்கிட்டு, தலைவரா."

அவருக்கு வயது ஐம்பத்தாறு; அவளுக்கு இருபத்தெட்டு. திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தை ஓணான் கரடு என்கிற குன்றுக்கு அழைத்துப் போவாள். தைலமரத் தோட்டத்துக்குள் செம்மண் பாதை முடிகிறவரை சைக்கிள், அதற்கு மேல் உச்சிவரை நடை. கியர் மாற்றவும் மேட்டில் மூச்சைப் பிடித்து மிதிக்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். பாதி வயதுக்காரியை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

கூச்சம் வேறு விஷயத்தில். அடுத்த ஞாயிறு பதினான்கு புது ஆட்கள் வருகிறார்கள். அதில் எட்டுப் பேர் சர்வே ஆபீசில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள். 'நான்தான் கூட்டிட்டுப் போறேன்' என்று வாட்ஸ்அப்பில் போட்டு, கைதட்டல் பொம்மைகளையும் வாங்கியாயிற்று. டீச்சர் மட்டும்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

"பதினோரு தடவ ஏறியிருக்கேன். ஒரு தடவையாச்சும் பாதை மாறியிருக்கேனா?"

"இல்ல சார்."

"பின்ன?"

அவள் பம்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "இன்னைக்கு நாம ரெண்டு பேருதான். நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் பின்னால வாரேன்."

வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல மிதித்தார். இரண்டு பக்கமும் தைலமரங்கள் கயிறு பிடித்து நட்ட வரிசையில் நின்றன. முப்பது வருடம் ஊரான் நிலத்தையெல்லாம் அளந்த மனுஷனுக்கு அந்த நேர்வரிசையைப் பார்த்தாலே ஒரு தெம்பு. பாதை முடிந்த இடத்தில் சைக்கிள்களைச் சேர்த்துப் பூட்டினார். திரும்பிப் பார்க்காமல் ஏறினார். நாற்பது நிமிடத்தில் உச்சி.

ஏறும்போது யாருக்கும் வழி தப்பாது. எந்தப் பக்கம் ஏறினாலும் கரடு ஒரே உச்சியில்தான் கொண்டுபோய் விடும். சங்கதியெல்லாம் இறங்கும்போதுதான்.

"வந்த வழியே வேணாம் டீச்சர். ஒரு குறுக்கு வழி இருக்கு. நானே கண்டுபிடிச்சது."

"அப்படியா?"

"ரெண்டு மாசம் முன்னால தனியா வந்தேன். மறக்கக் கூடாதுன்னு மரத்துக்கு மரம் சின்னதா அம்பு போட்டு வச்சிருக்கேன். வீட்டம்மா நெயில் பாலிஷ எடுத்துட்டு வந்து போட்டது. மழைக்கும் அழியாது."

"சரி சார்."

தெற்குச் சரிவில் இறங்கினார்கள். அந்தப் பக்கம் கரடு சட்டென்று இறங்காது. மேடும் பள்ளமும் தெரியாமல் மொட்டை மாடிபோலப் பரந்து கிடக்கும். எங்கு பார்த்தாலும் மரம். எல்லா மரமும் ஒரே மரம்.

முதல் அம்பைக் காணோம். இரண்டாவதையும் காணோம்.

"இங்கிட்டுத்தான். வாங்க," என்றார்.

கொஞ்ச தூரம் போய், "இல்ல, அங்கிட்டு," என்றார்.

அமலி பின்னாலேயே வந்தாள். காலடியில் காய்ந்த பட்டைகள் அப்பளமாக நொறுங்கின. ஒரு கரையான் புற்று வந்தது. கால் மணி நேரம் கழித்து அதே புற்று மறுபடி வந்தது. அதை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சே நிமிசம்," என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. எல்லைத் தகராறில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே நின்று பேசுகிற அதே குரல். சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் தீர்ந்திருந்தது.

புற்று மூன்றாம் முறை வந்தபோது, அதன் பக்கத்தில் கிடந்த பட்டையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து எடுத்தார்.

அம்பு. அழியவே இல்லை, நேற்றுப் போட்டதுபோலப் பளபளவென்றிருந்தது. தைலமரம் பட்டை உரிக்கிற மரம் என்பதுதான் அவருக்கு மறந்து போயிருந்தது. எல்லா மரமும் தோலை உரித்துப் போட்டுவிட்டு வெள்ளையாக நின்றன. கையிலிருந்த அம்பு அவருடைய வயிற்றைக் காட்டியது. திருப்பிப் பிடித்தால் அமலியைக் காட்டியது.

ஆபீசில் எட்டுப் பேரும் சிரிப்பது காதில் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அதே குரலில் பேசிக்கொண்டு நடக்க அவரால் முடியும். வாயைத் திறக்கவும் திறந்தார். ஆனால் பார்வை கையிலிருந்த அம்பிலேயே நின்றது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், எனக்கு வழி தெரியல."

"சரி சார்."

"எங்கிட்டுப் போகணும்னு நீங்க சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது சார். நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

அவர் அவளையே பார்த்தார். "தெரியாமயா இம்புட்டு நேரம் பின்னாலயே வந்தீங்க? பயமா இல்லையா?"

"பயந்துக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க நிக்கவே மாட்டீங்களோன்னு."

அவர் பட்டையைக் கீழே போட்டார்.

"கொஞ்சம் நிப்போம் சார்," என்றாள்.

நின்றார்கள். வெயில் முகத்தில் அடித்தது. நிழலுக்காக அவர் ஓர் அடி தள்ளி நின்றார். அவ்வளவுதான், இத்தனை நேரம் மதில்போல அடைத்துக்கொண்டிருந்த மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி நடுவில் நீளமாக ஒரு சந்து விட்டன. சந்தின் கோடியில் செம்மண் பாதை தெரிந்தது. குறுக்கும் மறுக்கும் நடந்தவரைக்கும் கண்ணில் படாத வரிசை அது.

"டீச்சர், அங்க பாருங்க!"

"நீங்க முன்னால போங்க சார்."

பத்து நிமிடத்தில் பாதையைத் தொட்டார்கள். சைக்கிள்கள் இன்னும் கொஞ்சம் மேலே, வைத்தது வைத்தபடி நின்றன. அவர் குனிந்து பூட்டைத் திறந்தார். நிமிராமலே பேசினார்.

"ஞாயித்துக்கிழம நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்கன்னு ஆபீஸ் ஆளுககிட்டச் சொல்லிடுறேன்."

"எதுக்கு? நீங்களே கூட்டிட்டுப் போங்க."

கேலி பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

"பதினோரு தடவ சரியா வந்தேன். அப்பல்லாம் விடல. இன்னைக்கு வழியத் தொலச்சுட்டு நிக்கிறேன். இப்பப் போகச் சொல்றீங்களே, இது என்ன டீச்சர் நியாயம்?"

அமலி சைக்கிளைத் திருப்பி ஏறி உட்கார்ந்தாள்.

"வழி தெரியலன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாதே சார்."