விடு என்று சொன்ன வடிவு

காட்டாற்றை ஒட்டியிருந்த ஒரு மடுவில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. மற்றப் பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை; மடுவிலிருந்து ஆற்றுக்குப் போக ஒரே ஒரு குறுகிய வாய்க்கால்தான். அதை அடைத்துக்கொண்டு ஒரு கிழட்டு முதலை படுத்திருந்தது. 'மடுவரசர்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டிருந்தது.

நீர்நாய்கள் நாள்தோறும் மீன் பிடித்து அதன் வாயில் போட வேண்டும். மிச்சம் இருந்தால் அவை தின்னலாம்.

அந்தக் கோடையில் மடு வற்றத் தொடங்கியது. வடிவு என்ற நீர்நாயின் மூன்று குட்டிகளில் ஒன்று பசியில் செத்துப்போனது. வடிவு நேராக முதலையிடம் போனது.

"அரசே, எங்களுக்கு விடுதலை கொடுங்கள்! ஆற்றுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறோம்!"

முதலை கொட்டாவி விட்டது. "விடுதலை என்ற சொல் எதிலிருந்து வந்தது, தெரியுமா?"

"தெரியாது, அரசே."

"'விடு' என்பதிலிருந்து! பிடித்தவன் விட்டால்தான் விடுதலை. இங்கே பிடித்து வைத்திருப்பது நான். மனம் வந்தால் விடுவேன். நீ போய் மீனைக் கொண்டு வா!"

வடிவு திரும்பி வந்து சேற்றில் படுத்தது. விடு, விடு என்று அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தது. சட்டென்று எழுந்து தங்கையைக் கூப்பிட்டது.

"நாச்சி! என் வாலைக் கடி!"

நாச்சி தயங்கிக் கடித்தது.

"இன்னும் அழுத்து!"

அழுத்தியது.

"விடு!" என்று கத்தியது வடிவு. நாச்சி பதறிப்போய் வாயைத் திறந்தது.

"பார்த்தாயா! 'விடு' என்று சொல்வது யார்? பிடித்தவனா, பிடிபட்டவனா? பிடிபட்ட நாம்தான்! அது கெஞ்சல் இல்லையடி, கட்டளை!"

"அரசர் விடாவிட்டால்?"

"விடும்வரை கடிப்போம்!"

மறுநாள் முதலைக்கு ஒரு மீன்கூடப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அது வாலால் தண்ணீரை அறைந்தது. "எங்கே என் மீன்?"

பதினொரு நீர்நாய்கள் எதிரே வந்து நின்றன.

"வழியை விடு!" என்றது வடிவு.

"என்ன திமிர்! அரசே என்று சொல்!"

"வழியை விடு!"

முதலை பாய்ந்தது. நாச்சியின் காது கிழிந்தது. ஆனால் பல வருடமாக உட்கார்ந்தே தின்று பருத்த உடம்பு, குறுகிய வாய்க்காலில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டது. வாலில் நான்கு, பின்னங்கால்களில் ஆறு என்று நீர்நாய்கள் கவ்வின. "விடு! விடு!" என்ற வடிவின் சத்தம் மடு முழுக்க எழுந்தது. முதலை அலறிக்கொண்டு கரையேறியது.

"சரி, போய்த் தொலையுங்கள்! உங்களுக்கு விடுதலை கொடுத்துவிட்டேன்!" என்று மேலே நின்று கத்தியது.

வடிவு தன் இரண்டு குட்டிகளையும் ஆற்றுக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தது. "நீ எங்கே விட்டாய்? நாங்கள் விட வைத்தோம்!"

பிடித்தவன் மனம் இரங்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு விடுதலை வருவதில்லை. 'விடு' என்று ஒன்றாக எழுந்து நிற்பவர்களுக்கே வரும்.