டம்மி மாட்டுக்கு எத்தனை கொம்பு

ஊர்ப் பெயரைப் போட்டு எழுதலாமா என்று அவர்களையே கேட்டேன். தாராளமாகப் போடுங்கள், அப்போதுதான் கடிதம் சரியாக வந்து சேரும் என்றார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: கொத்தவரம்பாளையம் பால் கூட்டுறவுச் சங்கம்.

சங்கத்தில் மூன்று பேர். செயலாளர் சென்னியப்பன், கணிப்பொறியில் தட்டச்சு செய்யும் நாச்சிமுத்து, பாலைச் சோதித்துப் பார்க்கும் மயிலாத்தாள். மூவரும் சொன்னதைச் செய்பவர்கள். சொன்னதை மட்டும், சொன்னபடியே.

அந்த வருஷம் கோமாரித் தடுப்பூசிக்கு முன்னால் எல்லா மாடுகளையும் கணிப்பொறியில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியலில் எத்தனை மாடோ அத்தனை ஊசிதான் வரும். சுற்றியுள்ள பன்னிரண்டு ஊர்ப் பால் மையங்களிலும் தலா ஒரு எழுத்தர் உண்டு. ஒருவரும் கணிப்பொறியைத் தொட்டதில்லை. தொட்டால் ஏதாவது அழிந்துபோகும் என்று பயம். அவர்கள் பயமில்லாமல் கைவைத்துப் பழக, நிஜ மென்பொருளைப் போலவே ஒரு பயிற்சிப் பாடம் தயாரிக்கும் வேலை சங்கத்தின் தலையில் விழுந்தது.

இப்படிப் பாடம் தயாரிப்பதற்கென்றே தனியாக ஒரு மென்பொருள் இருக்கிறது. நாம் திரையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே போனால் அது படிப்படியாகப் படம் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தப் படங்களின் மேல் ‘இங்கே அழுத்தவும்’, ‘இதைத் தட்டவும்’ என்று எழுதிவிட்டால் பாடம் தயார். படிப்பவர் அழுத்தினால் நிஜம்போலவே நகரும், ஒன்றும் கெட்டுப்போகாது. கோயம்புத்தூரிலிருந்து வினோதா என்ற பெண் தொலைபேசியில் இதைப் பொறுமையாக விளக்கினாள்.

“ஒரு மாட்டை எப்படிப் பதிவு பண்ணுவீங்களோ, அப்படியே பண்ணுங்க சார். நீங்க செய்யறது எல்லாமே பதிவாகும்.”

எல்லாமே பதிவாகும் என்றதும் சென்னியப்பன் நாச்சிமுத்துவை வீட்டுக்கு அனுப்பி, முகம் மழித்து, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

“இன்னொண்ணு சார். நிஜ மாடு வேண்டாம். டம்மி மாடு ஒண்ணு போடுங்க” என்று சொல்லி வினோதா வைத்துவிட்டாள்.

மூவரும் யோசித்தார்கள்.

“டம்மி மாட்டுக்குக் கொம்பு உண்டுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“இல்லாத மாட்டுக்குக் கொம்பு எப்படி இருக்கும்?” என்றாள் மயிலாத்தாள்.

“கொம்பு இல்லைன்னா அது மொட்டை மாடு ஆயிருமே அக்கா. டம்மி ஆகாதுங்களே.”

சென்னியப்பன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு கொம்பு போடச் சொன்னார். நிறத்திலும் ஒத்துவராததால் பாதி கறுப்பு. பெயர் லட்சுமி. உரிமையாளர் இல்லாத ஆளாக இருக்க வேண்டும் என்பதால் யாருமில்லாசாமி என்று வைத்தார்கள். அப்படி யாரும் உண்மையிலேயே இல்லையா என்று மயிலாத்தாள் அரை நாள் வீடு வீடாகப் போய் விசாரித்து வந்தாள். இல்லை.

கல்யாணச் சட்டையோடு நாச்சிமுத்து பதிவைத் தொடங்கினார். நான்காம் படியில் கை தவறி ‘ரத்து’ என்ற பொத்தானை அழுத்திவிட்டார். “அது இல்லீங்க” என்றாள் மயிலாத்தாள். நாச்சிமுத்து தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி தொடங்கினார். எல்லாம் படமாகிவிட்டது. நடந்ததை மறைப்பது தப்பு என்று சென்னியப்பன் கருதியதால் பாடத்தில் இப்படி ஏறியது:

‘படி நான்கு. ரத்து பொத்தானை அழுத்தவும். பக்கத்தில் இருப்பவர், அது இல்லீங்க என்று சொல்லவும். தலையைச் சொறியவும். மறுபடி தொடங்கவும்.’

தப்பாகச் செய்பவர்களைத் திட்டாமல் குறிப்புக் கொடுங்கள், மூன்று வாய்ப்புக் கொடுங்கள் என்றும் வினோதா சொல்லியிருந்தாள். அதையும் சேர்த்தார்கள். லட்சுமி என்று தட்டினால்தான் அடுத்த படி. வேறு பெயர் என்றால், ‘தவறு, இன்னும் இரண்டு வாய்ப்பு. குறிப்பு: ல-வில் தொடங்கும்.’

பன்னிரண்டு எழுத்தர்களும் வந்து பழகினார்கள். பன்னிரண்டு பேரும் நூற்றுக்கு நூறு. தலையைச் சொறிவதில்கூட ஒருவரும் தவறவில்லை.

ஊருக்குப் போய் நிஜப் பதிவைத் தொடங்கினார்கள். புதுவாய்க்கால் எழுத்தர் குப்பண்ணன் முன்னால் முதல் ஆளாக ஒரு விவசாயி தன் மாட்டோடு வந்து நின்றார்.

“மாட்டுப் பேரு?”

“செவலைங்க.”

“தப்பு. இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்குது.”

விவசாயி மாட்டைப் பார்த்தார். “நாங்க செவலைன்னுதான் கூப்பிடறதுங்க.”

“தப்பு. ல-வில் தொடங்கும்.”

விவசாயி சங்கடப்பட்டு, “லட்சுமிங்களா?” என்றார்.

“சரி. உரிமையாளர் பேரு? மூணு வாய்ப்பு.”

அது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது.

நான்கு நாளில் பன்னிரண்டு ஊர்களிலும் நானூற்றுப் பன்னிரண்டு மாடுகள் பதிவாகின. கால்நடை டாக்டர் ரெஜினா பட்டியலைத் திறந்து பார்த்தார். ஒற்றைக் கொம்பும் பாதி கறுப்புமாக லட்சுமி என்ற ஒரே மாட்டை நானூற்றுப் பன்னிரண்டு தடவை பதிந்திருப்பதாகக் கருதி, மென்பொருள் அதை ஒரே மாடாகச் சுருக்கி வைத்திருந்தது.

“இப்படியே போனா உங்க பகுதிக்கு ஒரு ஊசிதான் வரும்” என்றார் டாக்டர், சங்கத்துக்கு நேரில் வந்து. “பக்கத்துத் தாலுகாவுல கோமாரி வந்தாச்சு. வாயில நுரை தள்ளிக்கிட்டு மாடு படுத்திருக்கு. வெள்ளிக்கிழமை முகாம். இன்னைக்குத் திங்கள். இந்தப் பட்டியலை அழிச்சிடறேன், முதல்லேர்ந்து பதிங்க.”

சென்னியப்பன் வீட்டிலும் சினைமாடு ஒன்று நின்றது. உடனே வினோதாவைக் கூப்பிட்டார்.

அவள் விஷயத்தை முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: “எந்தப் பேரு, எந்த நிறம் போட்டாலும் சரின்னு ஏத்துக்கிற மாதிரி பாடத்தை மாத்துங்க சார். மாத்தினதும் நிஜ மென்பொருள்லயும் அதே மாதிரி வருதான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க. தயவுசெஞ்சு டம்மி மட்டும் வேண்டாம். நிஜமா இருக்கிற பேராப் போடுங்க.”

“சரிங்க அம்மிணி.”

பாடத்தை அன்றே மாற்றினார்கள். அடுத்து, நிஜமாக இருக்கிற பேர்.

“நிஜமா இருக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மயிலாத்தாள். “மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும். இப்ப இருக்குதா இல்லையான்னு இங்கிருந்து சொல்ல முடியாதுங்களே.”

“நாம இருக்கறோமுங்க” என்றார் நாச்சிமுத்து. “அது உறுதி.”

சென்னியப்பன் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்து அதை உறுதிப்படுத்திக்கொண்டார். நாச்சிமுத்து நிஜ மென்பொருளில் பதிந்தார். சென்னியப்பன், கொம்பு இல்லை, மாநிறம், சுபாவம் சாது. நாச்சிமுத்து, கொம்பு இல்லை, மாநிறம், சுபாவம் சாது. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் என்ற கேள்விக்கு, வீட்டுக்கு வாங்கிப் போகிற கணக்கில் ஒரு லிட்டர் என்று போட்டுக்கொண்டார். மயிலாத்தாள் தன் சுபாவம் ‘முட்டும்’ என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை.

எழுத்தர்கள் திரும்ப வந்து பழகி, ஊர் திரும்பி, ராப்பகல் பாராமல் பதிந்தார்கள். இந்தத் தடவை செவலை செவலையாகவே ஏறியது. வெள்ளிக்கிழமை நானூற்றுப் பதினைந்து ஊசிகள் வந்தன. சாயந்திரத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு மாடுகளும் ஊசி போட்டுக்கொண்டு வீடு போயின. சென்னியப்பனின் சினைமாடும் பிழைத்தது. ஒரு மாட்டுக்கும் கோமாரி வரவில்லை.

டாக்டர் பட்டியலைப் பார்த்தார். மூன்று பாக்கி. “சென்னியப்பன்” என்று வாசித்தார்.

“இருக்கேனுங்க டாக்டரம்மா.” முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நின்றார். பின்னால் மற்ற இருவரும் வரிசையாக.

டாக்டர் அவர்களையும் பட்டியலையும் மாறிமாறிப் பார்த்தார். “இது மாட்டு ஊசி” என்றார்.

“பட்டியல்ல இருக்குதுங்களே.”

“பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜீப்பில் ஏறினார். எந்தக் கேள்விக்கும் நிற்கவில்லை.

மென்பொருளில் ஒரு மாட்டை நீக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று காரணங்கள்தான் அதில் உண்டு: இறந்தது, விற்கப்பட்டது, காணாமல் போனது.

“இறந்ததுன்னு போட்டா வீட்டுல அழுவாங்க” என்றார் நாச்சிமுத்து.

“வித்ததுன்னு போட்டா, வாங்கினவங்க பேரு கேக்குது” என்றாள் மயிலாத்தாள். “நம்மளை யாரு வாங்குவாங்க?”

அதில் உண்மை இருந்தது. காணாமல் போனது என்று போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மாடு காணாமல் போனதாகப் பதிந்தால் பன்னிரண்டு ஊர்களுக்கும் அடையாளத்தோடு அறிவிப்புப் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை நாச்சிமுத்து புதுவாய்க்கால் நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றிருந்தார். கையில் அறிவிப்போடு வந்த குப்பண்ணன் அவரைச் சுற்றி வந்தார். கொம்பு இல்லை. மாநிறம். ஒரு கயிற்றை எடுத்துக் கழுத்தில் தளர்வாகப் போட்டார். பதிவில் சாது என்று இருந்ததால் நாச்சிமுத்து முரண்டு பிடிக்காமல் பின்னால் நடந்தார்.

மூன்று கிலோமீட்டர் நடந்து சங்கத்துக்கு வந்தார்கள். வாசலில் சென்னியப்பன் நின்றிருந்தார். மயிலாத்தாள் இன்னும் வரவில்லை.

“காணாமப் போனது கிடைச்சிருச்சுங்க” என்றார் குப்பண்ணன். “பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். யோசித்தார். திருப்பிச் சட்டைப்பையில் வைத்தார்.

“நான் எப்படிங்க போடறது? நானும் காணாமப் போயிருக்கேனே.”

குப்பண்ணன் அறிவிப்பை விரித்து முதல் பெயரைப் படித்தார். சென்னியப்பனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, கையிலிருந்த கயிற்றின் மறுமுனை அவர் கழுத்துவரை எட்டுமா என்று நீட்டிப் பார்த்தார்.

எட்டியது.