ஏறாத பாதரசம்

மரியசூசையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் எங்களைப் பார்த்துப் போ போ என்று வீசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மிஷின் அறை முழுக்க வெள்ளைப் புகை. நாங்கள் வெளியே ஓடினோம். அவன் திரும்பி உள்ளே போனான்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, மீன்பிடித் துறையை ஒட்டி இருந்த ஐஸ் ஆலை அது. குழாய்களில் அமோனியா ஓடும். மிஷின் எண்ணெயும் கொஞ்சம் அதோடு கலந்து போய் அடியில் தங்கிவிடும். அவ்வப்போது ஒரு வால்வைத் திறந்து அந்த எண்ணெயை வடிக்க வேண்டும். எண்ணெய் மெதுவாகத்தான் வரும். அதனால் வால்வைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். எண்ணெய் தீர்ந்தால் அமோனியா வரும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பிவிடுவோம்.

அன்றைக்கு அமோனியா வந்துவிட்டது. தீயணைப்பு ஆட்கள் மரியசூசையை வால்வின் அடியிலிருந்து தூக்கி வந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேனேஜர் தணிகாசலம் எங்களை ஆலை வாசலுக்குக் கூப்பிட்டார். மரியசூசை வால்வைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான், முதலாளி ஃபாக்டரி இன்ஸ்பெக்டரிடம் அப்படித்தான் சொல்லப்போகிறார் என்றார். படகெல்லாம் ஐஸுக்கு நிற்கிறது, மிஷினைப் போடுங்கள் என்றார். அவன் தூங்கியதை எங்களில் யாரும் பார்க்கவில்லை; திரும்பி உள்ளே போனதைத்தான் பார்த்தோம். ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை. டீ குடிக்கப் போகிறவர்கள்தானே நாங்களும்.

அந்த நேரத்தில்தான் ஞானசீலி டீச்சர் வந்தார். மரியசூசையின் மனைவி. மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். என்னைக் கலியண்ணே என்பார், நான் டீச்சர் என்பேன். கறுப்புச் சேலையில் வந்து நின்று மேனேஜரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"வால்வு தொறந்து கிடந்துச்சா, மூடிக் கிடந்துச்சா?"

மூடியிருந்தது. தீயணைப்பு ஆட்கள் சொல்லி அது ஊருக்கே தெரியும்.

"தூங்குன ஆளு எப்படி சார் மூடினாரு?"

மூடிவிட்டுத் தூங்கியிருப்பான் என்றார் மேனேஜர். சொன்ன பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரைக் குளிப்பாட்டுனது நான். ரெண்டு உள்ளங்கையும் வெந்து போயிருந்துச்சு."

நெருப்பே இல்லாத இடத்தில் கை எப்படியம்மா வேகும் என்று மேனேஜர் சிரித்தார்.

டீச்சர் அவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வகுப்பில் பேசுகிற குரல்தான்.

"குழாய்க்குள்ள அமோனியா தண்ணி மாதிரி நெருக்கிக்கிட்டுக் கிடக்கும். வெளிய வந்தா ஒவ்வொரு துகளும் தனியாப் பிரிஞ்சு பறக்கணும். பிரியறதுக்குச் சூடு வேணும். பக்கத்துல இருக்கறதுகிட்டேருந்து அதைப் பிடுங்கிக்கும். இரும்புகிட்டேருந்து பிடுங்கும். இரும்பைப் பிடிச்ச கைகிட்டேருந்தும் பிடுங்கும். அத்தனை குளிரு பட்டாலும் தோலு வெந்துதான் போகும்."

பனி பிடித்து இறுகிப் போன வால்வைத் திருப்புவது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கையுறை போட்டுக்கொண்டே திணறியிருக்கிறோம்.

மேனேஜர் விடவில்லை. டீக்கடைக்குப் போயிருப்பான், தாமதமாக ஓடி வந்திருப்பான், எப்படியும் அவன் தப்புதான் என்றார்.

"போயிருந்தா, திரும்பி வந்திருக்காரு," என்றார் டீச்சர்.

பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னார். வால்வை மூடியவன் மரியசூசை என்று முதலாளி தன் வாயால் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய வால்வைக் கழற்றிவிட்டு, கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துத் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றைப் போட வேண்டும். அதுவரை மிஷின் ஓடக்கூடாது. வாத்தியாரம்மாவிடம் பாடம் கேட்கிற வயதெல்லாம் முதலாளிக்குத் தாண்டிவிட்டது என்றார் மேனேஜர். டீச்சர் வாசலுக்குக் குறுக்கே சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவரைத் தாண்டி உள்ளே போக எங்களில் ஒருவனுக்கும் கால் வரவில்லை. நாங்களும் உட்கார்ந்தோம்.

நாட்கள் போயின. முதலாளி வரவில்லை. காரைக்காலிலிருந்து லாரியில் ஐஸ் வந்தது. படகுக்காரர்கள் எங்களைக் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். மீன் விற்கிற செங்கமலம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்று, உங்க வீட்டுச் சாவுக்கு எங்க மீனு நாறணுமா என்று கேட்டாள். டீச்சர் தலை குனியவில்லை. அவளையே பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளில் ஒன்று செங்கமலத்தின் வீடு. வால்வு மூடாமல் இருந்திருந்தால் புகை முதலில் அங்கேதான் போயிருக்கும். அதை டீச்சர் சொல்லவில்லை. சொல்லிவிடலாமே என்று எனக்கு இருந்தது.

ஒருநாள் எங்களில் ரெண்டு பேர் வரவில்லை. மறுநாள் இன்னொருவன் வரவில்லை. அன்றைக்கு நான் கேட்டேன்.

"டீச்சர், முதலாளி அசையவே மாட்டேங்குறாரே. நாம இப்படி உக்காந்து என்ன ஆவப் போவுது?"

டீச்சர், கிடங்கில் ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கட்டி இருந்தது. உடைத்துக் கொண்டுவரச் சொன்னார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் விடுகிற தெர்மாமீட்டரையும் கொண்டுவரச் சொன்னார். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். அவள் கஞ்சி கொடுத்தனுப்பிய சட்டியைக் கழுவி ஐஸைப் போட்டேன். டீ போட வைத்திருந்த பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து அதன்மேல் ஏற்றினேன்.

"கிண்டிக்கிட்டே இருங்க. அளவு சொல்லுங்க."

ஐஸ் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் பார்த்தேன். பூஜ்யம். நன்றாகப் பம்ப் அடித்துத் தீயை ஏற்றினேன். மறுபடி பார்த்தேன். பூஜ்யம். பக்கத்தில் இருந்த பக்கிரிசாமி, இதுக்கும் முதலாளிதான் சம்பளம் குடுக்குறாரு போல என்றான். மரியசூசை போன பிறகு நாங்கள் சிரித்தது அப்போதுதான். மேனேஜரும் வாசலுக்குள்ளே போட்டிருந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"அடுப்பு எரியுதா?" என்றார் டீச்சர்.

"எரியுது."

"சட்டிக்குச் சூடு போகுதா?"

"போகுது."

"அளவு?"

"பூஜ்யந்தான்."

"அப்ப சூடெல்லாம் எங்க போச்சு?"

மேனேஜரைப் பார்த்தேன். அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐஸுல துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே ஆடிக்கிட்டு இருக்கும்," என்றார் டீச்சர். "அந்தப் பிடியை விட வைக்கிறதுக்குத்தான் சூடு பூரா செலவாகும். கடைசிப் பிடி விடுற வரைக்கும் பாதரசம் ஏறாது."

அப்போதுதான் சட்டிக்குள் பார்த்தேன். பாதி ஐஸ் இல்லை. கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை நான் கவனிக்கவில்லை.

"முழுசும் கரைய எவ்வளவு நேரம் ஆவும் டீச்சர்?"

"எவ்வளவு ஐஸு இருக்குங்கறதைப் பொறுத்தது."

நான் ஆலையின் கதவைப் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது.

"எவ்வளவு இருக்கும்?"

"அது எனக்கும் தெரியாதுண்ணே." சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். "அடுப்பை அணைச்சிடலாமா?"

நான் குனிந்து இன்னும் நாலு தடவை பம்ப் அடித்தேன்.

அதற்கப்புறம் நடந்தது கொஞ்சம்தான். காரைக்கால் ஐஸ் துறைக்கு வந்து சேர்வதற்குள் பாதி தண்ணீராகிவிடுகிறது என்று படகுக்காரர்கள் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். ஒரு காலையில் செங்கமலம் வந்து காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வராமல் போனவர்களும் திரும்பி வந்தார்கள். முதலாளியின் கார் வந்தபோது வாசலில் இடமில்லை. அவர் இறங்கி நடந்துதான் வந்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு, வால்வை மூடினது மரியசூசைதான் என்றார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். சத்தமாகச் சொன்னார்.

ஆலை இப்போது வேறு ஆள் கையில் இருக்கிறது. மிஷினையும் மாற்றிவிட்டார்கள். டீச்சர் கேட்டுப் போட வைத்த வால்வு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. கையை எடுத்தால் மூடிக்கொள்கிறது.