தலைவனின் இரும்புக் காப்பு

கேளுங்கள் மக்களே. மலைக்கு மலை ஒரு தலைவன் இருந்த காலம் அது. கருங்குன்று என்னும் மலையைத் தொட்டன் என்பவன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; தலைக்கனம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அந்த மலைப் பெண்களுக்குக் காலில் வெள்ளித் தண்டை, கையில் பித்தளை வளையம். வெள்ளி, கடல் கடந்து வந்த காசுகளை உருக்கியது. பித்தளை, சமவெளியார் தேனுக்கு மாற்றாகத் தந்தது. மலையில் விளைந்தது இரும்பு ஒன்றுதான். அந்த இரும்பில் செய்த காப்பு தலைமுறை தலைமுறையாகத் தலைவன் கையில் இருந்தது. காப்பு கையில் கிடந்தால்தான் அவன் சொல் செல்லும். அது அங்கே வழக்கம்.

திருவிழா நெருங்கியபோது தொட்டன் கட்டளையிட்டான்.

"நம்ம மலையில அந்நியம் எதுவும் வேணாம். நகையெல்லாம் உலையில போடுங்க. உருகாதது நம்மது. உருகுனத அடி தெரியாத மலைப் பள்ளத்துல கொட்டுங்க. கழட்டாதவங்க மலைய விட்டுப் போகணும். புள்ளைங்க மலைக்குச் சொந்தம், இங்கதான் இருக்கும்."

தண்டைகள் உருகின, பள்ளத்தில் கொட்டினார்கள். வளையங்கள் உருகின, அவற்றையும் கொட்டினார்கள். பெண்கள் வெறுங்கையைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

மசினி மட்டும் கழற்றவில்லை. சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கையில் கிடந்தது, செத்துப்போன தாய் போட்டனுப்பிய வளையம். இடுப்பில் பால்குடி மறக்காத குழந்தை. வளையத்தைக் கொடுத்தால் தாயின் நினைவு போகும். கொடுக்காவிட்டால் பிள்ளையே போகும்.

"ஐயா, எல்லாருக்கும் ஒரே உலைதானே? மொதல்ல உங்க காப்பைப் போடுங்க. அது முழுசா வந்தா நானே கழட்டித் தாரேன்" என்றாள் அழுதபடி.

தொட்டன் சிரித்தான். "இரும்பு இந்த உலைக்கா உருகும்?" என்று காப்பைக் கழற்றிப் போட்டான்.

துருத்தி ஊதியது. இரும்பு சிவந்தது. கொல்லன் இடுக்கியால் எடுத்தபோது காப்பு மூன்று துண்டாக விழுந்தது. மஞ்சள் துளிகள் சிந்திச் சாம்பலோடு கலந்து போயின.

கொல்லன் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தான். "தலைவரே, நம்ம மலையோட மூணு குடியும் ஆளுக்கொரு துண்டு இரும்பு குடுத்துச் செஞ்ச காப்புன்னு கேட்டிருக்கேன். அந்தத் துண்டுகள ஒண்ணா ஒட்டிப் பத்தவச்சது பித்தளை போல. கறுப்பேறி இத்தன காலம் கண்ணுக்குத் தெரியல."

காப்பில்லாத தலைவன் சொல்லுக்கு மதிப்பில்லை. காப்பை ஒட்ட மலை முழுக்கத் தேடினாலும் பித்தளை இல்லை, மசினியின் கையைத் தவிர.

அவள் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் தொட்டன் எல்லார் முன்னாலும் அவளிடம் கையேந்தினான். "தாயே, புத்தி கெட்டுப் பேசிட்டேன். ஒரு துணுக்குக் குடும்மா."

மசினி தாயின் வளையத்தை நீட்டினாள். கொல்லன் அதில் நகக்கண் அளவு நறுக்கினான். அதைக் கொண்டு மூன்று குடியின் இரும்பும் மறுபடி ஒன்றாயிற்று.

பள்ளத்தில் கொட்டியது கொட்டியதுதான், ஒன்றும் திரும்பவில்லை. அதன்பிறகு தொட்டன், காப்பின் மஞ்சள் தழும்பு எல்லார் கண்ணிலும் படும்படியே அதை அணிந்தான்.

மக்களே, இதை மனதில் முடிந்துகொள்ளுங்கள்: அந்நியம் என்று நாம் தூக்கி எறிவதுதான் பல நேரம் நம்மைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கிறது.